சீர் வண்டி

சின்னமனூரை விட்டு ஓடைப்பட்டிப் பக்கம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ராஜமணி மெக்கானிக் என்றால் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ரோட்டோரத்தில் வண்டி நிறுத்த எவ்வளவோ இடம் கிடக்கிறது. புளியமர நிழல் கிடக்கிறது. எதிரே டீக்கடை வாசல் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு என் மைத்துனன் வேல்பாண்டி தன் சீர் வண்டியைக் கொண்டுவந்து என் வாசலுக்கு நேராக நிறுத்தினான்.

தற்செயலாக நடந்தது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். கம்பத்துப் பக்கம் சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பும்போதே அவன் மனசில் போட்டுவைத்திருந்த திட்டம் அது. நான் பார்க்க வேண்டும். பார்த்து வயிறெரிய வேண்டும்.

அந்தப் பழைய பிக்கப்பை எனக்கு நன்றாகத் தெரியும். மாமனார் காலத்து வண்டி. ஒரு காலத்தில் அதன் எஞ்சினை இறக்கி ஏற்றியதெல்லாம் நான்தான். அன்றைக்கு அதை அடையாளம் தெரியாதபடி ஜோடித்திருந்தான். முன்னால் இரண்டு வாழைக்கன்று, பக்கமெல்லாம் செவ்வந்திச் சரம், கேபின் தலையில் ஸ்பீக்கர் பெட்டி, சுற்றிலும் சீரியல் லைட். காலை ஒன்பது மணி வெயிலில் சீரியல் லைட்! கண்ணாடிக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ். அதில் கறுப்புக் கண்ணாடியும் முறுக்கிய மீசையுமாக வேல்பாண்டி கைகட்டி நின்றான். ‘தாய்மாமன் சீர்’ என்று கொட்டை எழுத்து. சீர் வாங்கப்போகிற பிள்ளையின் படம் கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

பின்னால் தட்டுத் தட்டாகச் சாமான். பட்டு, வளையல், பழம், ஒரு முழு வாழைத்தார், கூடை நிறையப் பன்னீர் திராட்சை. அவற்றுக்கு நடுவில் ஒரு கிடாய், கழுத்தில் மாலையோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

வேல்பாண்டி இறங்கினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி மைக்செட்காரரிடம் கத்தினான்.

“இங்கன வச்சே லைட்டப் போடுங்கண்ணே. பாட்ட வைங்க. இனிமே ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் அமத்தக் கூடாது.”

மைக்செட்காரர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு ஏதோ வயரைச் சொருகினார். லைட் மினுக்கியது. பாட்டு அலறியது. என் தகரக்கூரை அதிரும்படி ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நான் ஒரு டிராக்டர் சக்கரத்தைக் கழற்றுவது போலக் குனிந்தே இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெடிச் சத்தம் அடங்கியது. வேல்பாண்டி ஏறிச் சாவியைத் திருப்பினான். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். சுற்றியது. பிடிக்கவில்லை.

என் கையிலிருந்த ஸ்பானர் தானாக நின்றுவிட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நல்ல பசியில் இலை போட்டு முதல் கரண்டிச் சோறு விழுகிற மாதிரி இருந்தது.

ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி, வேல்பாண்டிக்கு அக்கா. அவர்கள் அப்பா விட்டுப்போன திராட்சைப் பந்தலில் தனக்கும் ஒரு பங்கு உண்டுதானே என்று அவள் ஒரே ஒரு தரம் கேட்டாள். சண்டை போடவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை, வாயால் கேட்டாள். அதற்கு அவன் சொன்ன பதில், “பங்கு கேட்டவளுக்குச் சீர் எதுக்கு?”

கொஞ்ச நாளில் எங்கள் மகள் கயல் வயசுக்கு வந்தாள். சடங்கு வைத்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து மாலை போட்டுச் சீர் வைத்த பிறகுதான் பிள்ளையை மனையில் உட்காரவைப்போம். அவன் வருவான் என்று எல்லோரும் காத்திருந்தோம். கோபமெல்லாம் பெரியவர்களோடு, பிள்ளையிடம் காட்ட மாட்டான் என்று பாண்டீஸ்வரி அடித்துச் சொன்னாள். பட்டுச்சேலைக்குள் புதைந்துபோய் நின்ற கயல் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தான். இதே பிக்கப்பில், திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு வந்தான். மண்டபத்துக்கு முன்னால் மெதுவாக்கி, ஹாரனை நீளமாக அடித்து, எல்லோரும் எழுந்து பார்த்த பிறகு நிறுத்தாமல் போய்விட்டான்.

சாம்பார் வாளி பிடித்திருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசியில் பாண்டீஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை ஆகிற ஒருவரைக் கூப்பிட்டு மாலை போடவைத்தோம். அவர் பாவம், அவசர அவசரமாகப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். கயல் அழவில்லை. “மாமா மறந்துட்டாகளாம்மா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக இவனை என்ன செய்தாலும் தகும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். அதை நான் மாற்றிக்கொள்ளவே இல்லை.

இப்போது சடங்கு, இவர்களுடைய கடைசித் தங்கை மகாலட்சுமியின் மகளுக்கு. ஓடைப்பட்டி மண்டபத்தில். பாண்டீஸ்வரி முதல் நாளே போய்விட்டாள், தங்கை வீட்டு விசேஷமாயிற்றே. வேல்பாண்டி முகத்தில் விழிக்கக் கூடாது என்று நான் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் தாய்மாமன் போய் மாலை போட்டாக வேண்டும். என் வாசலிலிருந்து ஓடைப்பட்டிக்கு அரை மணி நேர ஓட்டம்.

அதாவது, அவன் மானம் முழுக்க அந்தச் சாவித்துவாரத்தில் இருந்தது.

இன்னும் நாலைந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

“மச்சான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வண்டி சுத்துது. புடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாக்குறீகளா?”

“வேற மெக்கானிக் யாரும் கெடைக்கலயா மாப்ள?”

“அப்படிச் சொல்லாதீக. நேரமாகுது. வீட்டுக்காரி சனமெல்லாம் வேன்ல முன்னாடியே போயிட்டாக. ஊரு எல்லையில மேளத்தோட நிக்கிறாக.”

“நிக்கட்டும். பாப்போம்.”

பானெட்டைத் தூக்கினேன். “செல்ஃப அடி,” என்றேன். அவன் சாவியைத் திருப்ப, நான் வண்டிக்குப் பின்னால் போய் சைலன்சரைப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. டீசல் உள்ளே போய் எரியாமல் வந்தால் வெள்ளைப் புகையாவது வரும். புகையே இல்லை என்றால் எஞ்சினுக்குள் டீசலே போகவில்லை என்று அர்த்தம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரியில் குறை இல்லை. இது இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அங்கே மட்டும் கை வைக்கவில்லை.

பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். அதில் ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வெண்கலப் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கினேன். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். தட்டிய தூசி அவன் வெள்ளைச் சட்டைப் பக்கமே போயிற்று. காற்று அந்தப் பக்கம் அடித்தால் நான் என்ன செய்ய முடியும்? டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

“டீசல் நேத்துத்தான் போட்டேன் மச்சான்.”

“டீசல் போட்டா மட்டும் போதுமா? அது போக வேண்டிய எடத்துக்குப் போகணும்ல?”

அவன் நெற்றியில் வியர்வை, குங்குமத்தைக் கரைத்து மூக்கு வரைக்கும் கொண்டுவந்திருந்தது.

“லைன்ல காத்துப் பிடிச்சிருக்கும். வந்து இந்தப் பம்ப அமுக்கு.”

ஃபில்டர் மேலே கைப்பம்ப் இருக்கும், கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி டீசலை ஏற்ற வேண்டும். அதற்கு ஆளை வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை, நானே செய்வேன். அன்றைக்கு அவனைச் செய்யச் சொன்னேன். மோதிரம் போட்ட கையால் அமுக்கினான். நான் பக்கத்திலிருந்த ஸ்க்ரூவை வேண்டுமென்றே கூடுதலாகத் தளர்த்தினேன். டீசல் பீய்ச்சிக்கொண்டு வந்து சட்டை, வேட்டி என்று பார்க்காமல் அடித்தது.

“மச்சான்!”

“டீசல் வருது பாரு. நல்லதுதான்,” என்றேன்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஃப்ளெக்ஸில் இருந்த வேல்பாண்டி மட்டும் கறுப்புக் கண்ணாடி கலையாமல் நின்றான்.

அதற்குப் பிறகு வேலையை ஒழுங்காகவே செய்தேன். காரணம், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொழில்காரன் புத்தி, பாதியில் விட முடியாது. இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி அவனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எஞ்சின் சுற்றியும் பைப்பில் ஒரு சொட்டு டீசல் வரவில்லை. ஃபில்டர் வரைக்கும் டீசல் பாய்ந்து வருகிறது, அதை எஞ்சினுக்குத் தள்ளுகிற பெரிய பம்புக்குள் போனது வெளியே வரவில்லை. பம்பின் தலையில் ஒரு சின்ன சொலினாய்டு உண்டு. சாவி போட்டதும் கரண்ட் வந்து அது ‘டிக்’ என்று திறந்தால்தான் டீசலுக்கு வழி. சாவியைப் போட்டு எடுக்கச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். டிக் இல்லை. டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. பல்ப் நல்ல பல்ப்தான். வயரில் கரண்ட் இல்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே போய் டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்தேன். அங்கே இருந்தது சங்கதி. சீரியல் லைட்டுக்கு என்று மைக்செட்காரர் கரண்ட் எடுத்த இடம், அந்தச் சொலினாய்டுக்குப் போகிற ஃபியூஸ். வாசலில் வைத்து லைட்டைப் போட்டதும் அது பாரம் தாங்காமல் கருகிவிட்டது. லைட்டும் அப்போதே அணைந்திருக்கிறது. வெடிப் புகையிலும் வெயிலிலும் யாரும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கருக்குத் தனி பேட்டரி, அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

என் வயிறெரிய வேண்டும் என்று என் வாசலில் லைட் போட்டான். அந்த லைட்தான் அவன் வண்டியைக் கொன்றது. சிரித்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என் மேஜை டிராயரில் அந்த ஃபியூஸ் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. மாற்ற வாய் கொப்பளிக்கிற நேரம்கூட ஆகாது. கருகிய ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“என்ன மச்சான்?”

“பம்பு போயிருச்சு மாப்ள. கழட்டித் தேனிக்குக் கொண்டுபோகணும்.”

அவன் அப்படியே ஸ்டெப்னி மேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். வீட்டுக்காரி சனம் போன வேன் ஆளை இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போயிருந்தது. முகூர்த்த நாள், மற்ற வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஜீப்பெல்லாம் விடியக்காலையிலேயே ஆள் ஏற்றிக்கொண்டு கேரளா எஸ்டேட்டுக்கு ஏறிவிட்டிருக்கும். வாழைக்காய் லோடுக்குப் போன ஒரு வண்டிக்காரர் மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்றார். வேல்பாண்டியின் குரல் கெஞ்சலாக மாறிக்கொண்டே வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டீ சொன்னேன்.

அப்போதுதான் கயல் வந்தாள். அல்லிநகரத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஓடைப்பட்டிக்குக் கிளம்பியிருந்தாள். போகிற வழியில் என்னிடம் சொல்லிக்கொண்டு போக நிறுத்தினாள். வண்டியைப் பார்த்தாள். டீசல் அபிஷேகத்தோடு உட்கார்ந்திருந்த மாமனைப் பார்த்தாள்.

“என்னாச்சுப்பா?”

“மாமா வண்டி எடுக்கல.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனிடம் போனாள். மண்டபத்தில் நின்ற அந்தச் சின்னப்பிள்ளை இப்போது அவன் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அவன் எழுந்து நின்றான். ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

“மாமா, ஸ்கூட்டில ஏறுங்க. மாலையும் பட்டுத் தட்டும் மட்டும் எடுத்துக்கங்க. நான் வெரசா ஓட்டுறேன், நல்ல நேரத்துக்குள்ள போயிரலாம். மத்ததெல்லாம் பின்னாடி வரட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு என்ன தலையெழுத்து? யாருக்காக இத்தனை வருஷம் நான் வெந்துகொண்டிருக்கிறேனோ அவளே வந்து கதவைத் திறந்துவிடுகிறாளே! ஏறிவிடுவான், போய்விடுவான், மாலை போட்டுவிடுவான். என் ஆத்திரமெல்லாம் ஒரு ஸ்கூட்டியில் ஏறி ஓடிவிடும் என்று நினைத்தேன்.

அவன் ஸ்கூட்டியைப் பார்த்தான். பிங்க் நிறம். முன்னால் ஒரு கரடி பொம்மை ஒட்டியிருந்தது. பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தான்.

“இல்லம்மா… அதெப்படி? எல்லையில மேளம் நிக்கிது. சம்பந்தகாரக அம்புட்டுப் பேரும் நிப்பாக. ஒரு தட்டத் தூக்கிக்கிட்டு, பொம்பளப் பிள்ளைக்குப் பின்னால உக்காந்து, இந்தச் சட்டையோட… தாய்மாமன் போற போக்கா இது?”

“அங்கன அவ மாலைக்காக நிப்பா மாமா.”

“கொஞ்சம் பொறும்மா. மச்சான் எப்படியும் எடுத்துக் குடுத்துருவாக.”

கயல் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, ஆகுமா?”

ஃபியூஸ் என் பையில் கிடந்தது. என் மகள் என்னை நேராகப் பார்த்துக் கேட்கிறாள். அன்றுவரை அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

“ஆகாதும்மா,” என்றேன்.

நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் மறுபடி அவனைப் பார்த்தாள். இப்போதாவது ஏறுவானா என்று நானும் பார்த்தேன். அவன் போனை எடுத்து இன்னொரு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

கயல் அங்கே நின்றபடியே அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, மாமா வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கிது. ஸ்கூட்டில கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்டாக. நீ நெனச்சு வச்சிருந்ததச் செஞ்சிரும்மா. நேரத்தப் போக்காத.”

போனை வைத்துவிட்டு, “வர்றேம்ப்பா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் அம்மா என்ன நினைத்து வைத்திருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டேன். பின்னால் கூட்டச் சத்தம் கேட்டது.

“ஏங்க, நான் அவனுக்குப் போட்டியா ஒரு சீரு வாங்கி வச்சிருக்கேன். ஒங்ககிட்டச் சொல்லல. பட்டு, வளையலு, மால, எல்லாம் இருக்கு. அவன் சொன்னாச் சொன்னபடி வர்றவனா? என் பிள்ள நின்ன மாதிரி இந்தப் பிள்ளையும் வாசலப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான். பொறந்த வீட்டுச் சீர நானே வைக்கிறேன். எல்லையில நிக்கிற மேளத்தக் கூட்டியாரச் சொல்லிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வண்டி சரியாகிற மாதிரி இருக்கா?”

“என் கையிலதான் இருக்கு.”

“அப்பச் சரி பண்ணாதீக. இங்கன கொட்டுச் சத்தம் கேக்குறப்பச் சொல்றேன், அப்பறம் பண்ணுங்க.”

நான் பெரிய பழிகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!

பத்தே கால் வாக்கில் போன் அடித்தது. அவள் பேசவில்லை. மேளமும் குலவையும் மட்டும் கேட்டன. நான் டிராயரைத் திறந்து ஒரு புது ஃபியூஸை எடுத்தேன். மைக்செட் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதைச் சொருகினேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வேல்பாண்டி ஓடிவந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு அது மெல்ல அணைந்தது. என் கையையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பம்பு போச்சுன்னீக?”

பையிலிருந்த கருகிய ஃபியூஸை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். “இதுதான் போச்சு. ஒன் சீரியல் லைட்டு எரிச்சது.”

“இது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

அவன் ஃபியூஸோடு கையை முறுக்கி மூடினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் திருப்பி அடிக்க எனக்கும் கை துருதுரு என்றுதான் இருந்தது. அவன் அடிக்கவில்லை.

“என் மேல கோவம்னா என்னை அடிச்சிருக்கலாம்ல மச்சான்? அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

“அந்தப் பிள்ள பாவம்னுதான் என் மக ஸ்கூட்டியக் கொண்டாந்து நிறுத்துனா. நானா வேணாம்னேன்? நீதானடா ஏறல!”

நான் இறங்கிக்கொண்டேன். அவன் ஏறினான். நான் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“கெளம்பு. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நானும் வரணும்ல?” என்றேன். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, நடக்கப்போவதைப் பார்க்காமல் விடுவேனா?

வழியில் மைக்செட்காரர் பின்னாலிருந்து பாட்டைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஓடைப்பட்டி எல்லையில் மேளமும் இல்லை, சனமும் இல்லை. ரோட்டில் வெடித்த வெடியின் காகிதம் மட்டும் கிடந்தது. வாழைக்கன்றும் பூவும் கிடாயுமாக வண்டி சத்தமில்லாமல் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, முதல் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிக்கொண்டே ஃப்ளெக்ஸைப் படித்தார்கள். படித்துவிட்டு அவன் சட்டையைப் பார்த்தார்கள்.

மகாலட்சுமியின் மகள் மேடையில், கழுத்து நிறைய மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கயல் அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேல்பாண்டியின் மனைவி ஒரு தூணோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் பட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மகாலட்சுமி ரசவாளியோடு இரண்டாம் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

“வாங்கண்ணே. இப்பத்தான் வர்றீகளா? சாப்ட்டுட்டுத்தான் போகணும்,” என்றாள். மூன்றாம் வீட்டுக்காரரிடம் சொல்கிற அதே சிரிப்பு. சொல்லிவிட்டு ரசம் ஊற்றப் போய்விட்டாள்.

“மகாலட்சுமி, சீரு…” என்று ஆரம்பித்தான். அதற்குள் பாண்டீஸ்வரி வந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சட்டையில் டீசல் காய்ந்து மஞ்சளாக இருந்தது. அவள் குரல் அவ்வளவு இனிப்பாக இருந்து நான் கேட்டதே இல்லை.

“வாடா தம்பி. சீரெல்லாம் வச்சாச்சு. நம்ம பொறந்த வீட்டுச் சீர நானே வச்சுட்டேன். நீ கொண்டாந்தது மொய்யில சேந்துக்கும். அந்தா, மொய் எழுதுறவக அங்கன இருக்காக பாரு.”

தாய்மாமன் சீரை எவனும் மொய்யில் எழுத மாட்டான். அது மேடையில் வைக்கிறது. மொய் மற்றவர்களுக்கு. பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டு நின்றார்கள்.

திரும்பிப் போனால் வண்டி, ஃப்ளெக்ஸ், கிடாய் எல்லாவற்றோடும் இத்தனை பேர் முன்னால் திரும்பிப் போக வேண்டும். வேல்பாண்டி போகவில்லை. தட்டோடு மொய் மேஜைக்கு முன்னால் வரிசையில் போய் நின்றான். மேஜையில் இருந்தவன் மதுரைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டரோடு வந்த பையன், யாரையும் தெரியாது.

“பேரு சொல்லுங்கண்ணே.”

“வேல்பாண்டி.”

“ஊரு?”

“சுருளிப்பட்டி.”

“பிள்ளைக்கு அப்பா வழியா, அம்மா வழியாண்ணே?”

அவன் மேடையைப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பெரியவர், “வெரசாச் சொல்லுப்பா, பந்தியில எடம் போயிரும்,” என்றார்.

“அம்மா வழி,” என்றான்.

“சத்தமாச் சொல்லுங்கண்ணே, கேக்கல.”

“அம்மா வழி!” என்று கத்தினான்.

நான் போய் இலையில் உட்கார்ந்தேன். மகாலட்சுமி வந்து, “மச்சானுக்கு இன்னுங் கொஞ்சம்?” என்று கேட்டாள். போடச் சொன்னேன். அன்றைக்கு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.